விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் டெர்மினல் திரை: எந்த மொழி, எந்த லைப்ரரி? தமிழ் வரிசை கலையாமல் வருமா?

விதைநெல்:
வணக்கம். எங்கள் ஊரில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் விதைக்கடைக்கு இருப்புக் கணக்கும் பில்லும் போட ஒரு மென்பொருள் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பிரவுசரில் ஓடுவது வேண்டாம் என்று கடையில் உட்காரும் அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார். ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்ட ஒரு பழைய டாஸ் நிரலில் பதினைந்து வருடம் பில் போட்டவர் அவர். எஃப்2 அடித்தால் புதுப் பில், எஃப்5 அடித்தால் இருப்பு, எஸ்கேப் அடித்தால் முந்தைய திரை. மவுஸைத் தொடாமல் ஒரு நிமிடத்துக்குள் பில்லை முடிப்பார். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அந்த வேகம் குறையக்கூடாது என்கிறார். அது நியாயம்தான்.

கடையில் விண்டோஸ் 10 கணினி. குடோனில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. என்னிடம் உபுண்டு லேப்டாப். ஆண்டுக் கணக்குப் பார்க்கும் தம்பியிடம் மேக். நான்கிலும் ஒரே நிரல் ஓட வேண்டும்.

அதனால் எழுத்துகளால் மட்டுமே ஆன டெர்மினல் திரையாக, பைத்தானில் கர்சஸ் என்ற லைப்ரரியை வைத்து முதல் திரையை எழுதினேன். என் லேப்டாப்பில் நன்றாக வந்தது. கடையில் போய் ஓட்டினால், கர்சஸ் என்ற மாட்யூலே இல்லை என்று நின்றுவிட்டது. இன்னொன்று, இதுதான் பெரிய தலைவலி: விதைப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. 'கத்திரி' வந்த வரியில் விலை ஒரு இடத்திலும், 'கீரை' வந்த வரியில் இன்னொரு இடத்திலும் நிற்கிறது. வலது பக்கக் கோடு பல்வரிசை மாதிரி ஏறி இறங்குகிறது. ஆங்கிலப் பெயர் போட்டால் எல்லாம் நேராக வருகிறது. என்ன செய்யலாம்?

பாஸ்கல்காலம்:
முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

யூனிக்ஸ் பக்கத்தில் டெர்மினல் என்பது ஒரு குழாய். நிரல் எழுத்துகளை அனுப்பும், நடுநடுவே எஸ்கேப் வரிசைகளையும் அனுப்பும். 'கர்சரை 5ஆம் வரி 10ஆம் பத்திக்குக் கொண்டுபோ', 'இனிச் சிவப்பில் எழுது' என்பதெல்லாம் அந்தக் குழாய் வழியாகவே போகும். 1978இல் டெக் நிறுவனம் விற்ற விடி100 என்ற முனையம் புரிந்துகொண்ட கட்டளைகளின் வாரிசுகள்தான் இன்றும் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் முனையத்துக்கும் கட்டளை வேறு. அதனால் பெர்க்லியில் பில் ஜாய் டெர்ம்கேப் என்ற அட்டவணையை உருவாக்கினார். அதன் மேல் 1980 வாக்கில் கென் ஆர்னால்ட் கர்சஸ் எழுதினார். நீங்கள் பயன்படுத்தியது அதன் பேரப்பிள்ளை, என்கர்சஸ்.

விண்டோஸின் வழி வேறு. அங்கே கன்சோல் என்பது நினைவகத்தில் இருக்கும் ஒரு கட்டம் போட்ட தாள். நிரல் ஏபிஐ (இயங்குதளம் தரும் சார்புகள்) மூலம் 'இந்தக் கட்டத்தில் இந்த எழுத்து, இந்த நிறம்' என்று நேரடியாக எழுதும். குழாயும் இல்லை, எஸ்கேப் வரிசையும் இல்லை. பைத்தானோடு வரும் கர்சஸ் விண்டோஸில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பிடிகர்சஸ் என்ற வேறொரு லைப்ரரியைச் சுற்றிக் கட்டிய 'விண்டோஸ்-கர்சஸ்' தொகுப்பைப் போட்டால் உங்கள் நிரல் அங்கேயும் ஓடும்.

2015 இறுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1511 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டும் எஸ்கேப் வரிசைகளை ஏற்க ஆரம்பித்தது. ஆனால் நிரல் அதற்கான கொடியை ஏற்றிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் குப்பையாக விழும். 2018இல், விண்டோஸிலும் அந்தக் குழாய் முறையைத் தரும் கான்பிடிஒய் வந்தது. 2020 மே மாதம் விண்டோஸ் டெர்மினல் என்ற புதிய டெர்மினல் நிரலின் 1.0 வந்தது. ஆக, மூன்று தளங்களும் ஒரே பேச்சைப் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. இப்போதைய லைப்ரரிகள் எல்லாம் இந்த மாற்றத்தை நம்பித்தான் நிற்கின்றன.

நான் இந்த வேலையைக் கற்றது, டாஸில் எழுத்துத் திரை கட்டும் லைப்ரரியான டர்போ விஷனில். 1990இல் டர்போ பாஸ்கல் 6 உடன் வந்தது. மெனு, டயலாக், ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் சன்னல்கள், நிழல்கூட உண்டு. நிகழ்வுகள் மேலிருந்து கீழே ஒவ்வொரு பொருளாக இறங்கிப் போகும் அந்த அமைப்பை நான் இன்றும் மதிக்கிறேன். யூனிகோட் சேர்த்து விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்படி அதைப் புதுப்பித்த திறந்த மூலப் பதிப்பு சி++இல் கிடைக்கிறது. உங்கள் அக்காவுக்குப் பழகிய தோற்றம் வேண்டுமென்றால் ஒருமுறை பாருங்கள்.

ஒரேகோப்பு:
கோ மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் ஒன்றே: உங்கள் உபுண்டுவில் உட்கார்ந்தபடி விண்டோஸுக்கு ஒரு எக்ஸி, ராஸ்பெரி பைக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று என்று கட்டிவிடலாம். கடையில் பைத்தானை நிறுவ வேண்டாம், தொகுப்புகளை இறக்க வேண்டாம். பென் டிரைவில் ஒரே கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் போதும்.

அடித்தளத்துக்கு டிசெல் என்ற லைப்ரரி இருக்கிறது. விண்டோஸ் கன்சோலையும் யூனிக்ஸ் டெர்மினலையும் ஒரே முகத்துக்குப் பின்னால் மறைத்துத் தரும். அதன் மேல் டிவியூ படிவம், அட்டவணை, பட்டியல் எல்லாம் தரும். சர்வர் கூட்டங்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் ஆட்கள் பயன்படுத்தும் கே9எஸ் டிவியூவில் கட்டியதுதான். இன்னொரு பக்கம் பபுள் டீ. அது எல்ம் மொழியின் முறையைப் பின்பற்றுகிறது: நிலை ஒரு இடத்தில், விசை வந்தால் நிலையை மாற்றும் சார்பு ஒன்று, நிலையிலிருந்து திரையைச் சரமாக வரையும் சார்பு ஒன்று. பில் மாதிரி படிவங்களுக்கு டிவியூவே போதும் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. தரவுக்கு எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) வைப்பீர்கள். வழக்கமான எஸ்கியூலைட் டிரைவர் சி மொழியைச் சார்ந்தது. அதைச் சேர்த்தால் வேறு தளத்துக்குக் கட்டும் வேலை சிக்கலாகிவிடும். முழுக்க கோ மொழியிலேயே மாற்றி எழுதிய டிரைவர் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

நடுச்சாமம்:
பைத்தானை விடவேண்டிய அவசியமில்லை. டெக்ஸ்சுவல் என்ற லைப்ரரி மூன்று தளத்திலும் ஓடும், சிஎஸ்எஸ் மாதிரி ஒரு கோப்பில் அமைப்பை எழுதலாம், விசை அடிப்பதுபோல் நடித்துச் சோதனை எழுதவும் வழி உண்டு. தொடங்கும்போது கொஞ்சம் தாமதம் தெரியும். நாள் முழுக்கத் திறந்தே இருக்கும் பில் திரைக்கு அது பெரிய விஷயமில்லை.

துருவன்:
ரஸ்ட் மொழியில் ராட்டடூயி. டியூஐ-ஆர்எஸ் என்ற லைப்ரரியிலிருந்து 2023இல் பிரிந்து வந்தது. கீழே கிராஸ்டெர்ம் வைத்தால் விண்டோஸிலும் ஓடும். லூப் உங்கள் கையில். ஒவ்வொரு முறையும் முழுத் திரையையும் வரைவீர்கள், அது பழைய திரையோடு ஒப்பிட்டு மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பும். கடை பில்லுக்கு ரஸ்ட் தேவையா என்று கேட்டால், ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டும் என்பேன்.

எழுத்தெண்ணி:
எல்லோரும் மொழியையும் லைப்ரரியையும் பேசுகிறீர்கள். விதைநெல்லின் இரண்டாவது கேள்விக்கு இவற்றில் எதை எடுத்தாலும் பதில் வராது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

டெர்மினல் திரை என்பது கட்டங்களால் ஆனது. ஓர் எழுத்து எத்தனை கட்டம் எடுக்கும் என்பதை இரண்டு பேர் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். ஒருவர் உங்கள் நிரல் (அல்லது அதன் லைப்ரரி). இன்னொருவர் டெர்மினல். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் கோடு நேராக நிற்கும். ஒன்று மாறினாலும் அந்த வரி முழுக்க நகர்ந்துவிடும்.

'தமிழ்' என்ற சொல்லையே எடுங்கள். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் 15 பைட். யூனிகோட் புள்ளிகளாக (யூனிகோட் தனி எண் கொடுத்திருக்கும் அலகுகளாக) 5: த, ம, இகரக் கொம்பு, ழ, மெய்ப்புள்ளி. நாம் எண்ணும் எழுத்து 3. கட்டங்கள் எத்தனை?

சி லைப்ரரியில் டபிள்யூசிவிட்த் என்று ஒரு சார்பு இருக்கிறது. ஒரு யூனிகோட் புள்ளியைக் கொடுத்தால் 0, 1 அல்லது 2 என்று அகலம் சொல்லும். சீன, ஜப்பானிய எழுத்துக்கு 2. மேலே ஒட்டும் குறிகளுக்கு 0. நம் உயிர்மெய்க் குறிகளை யூனிகோட் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும் 'இடம் எடுக்காத' வகை. மற்றக் குறிகள், அதாவது கால், இகரக் கொம்பு, உகரம், ஊகாரம், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் முதலியவை 'இடம் எடுக்கும்' வகை. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி முதல் வகைக்கு 0 தருகிறது, இரண்டாம் வகைக்கு 1 தருகிறது. விளைவு: கி இரண்டு கட்டம், கீ ஒரு கட்டம்! 'தமிழ்' 4 கட்டம். 'கத்திரி' 6 கட்டம், நான்கு எழுத்துக்கு. 'கீரை' 3 கட்டம், இரண்டு எழுத்துக்கு. உங்கள் பல்வரிசை இங்கிருந்துதான் வருகிறது.

இதே பெயர் கொண்ட பைத்தான் தொகுப்பு இருக்கிறதே, அது 2023 அக்டோபரில் வந்த 0.2.9 பதிப்பில் தமிழ், தேவநாகரி, கன்னடம் முதலியவற்றின் குறிகளுக்கு 0 தரும்படி மாறியது. அதன் கணக்கில் 'தமிழ்' 3, 'கத்திரி' 4. பார்க்க அழகான விடை. ஆனால் உங்கள் டெர்மினல் ஜிலிப்சி கணக்கைப் பின்பற்றினால் நிரல் 3 என்று நினைக்கும், கர்சர் 4 கட்டம் தாண்டி நிற்கும். எது சரி என்பது இங்கே இரண்டாம் கேள்வி. இருவரும் ஒன்றாகச் சொல்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி.

இதற்கும் கீழே இன்னொரு தவறு எல்லா நிரலிலும் இருக்கும். பைத்தானில் சரத்தைப் பத்து இடத்துக்கு நிரப்பச் சொன்னால் யூனிகோட் புள்ளிகளை எண்ணி இடைவெளி போடும். கோவும் அப்படியே. சி மொழியின் பிரின்ட்எஃப் பைட்டை எண்ணும். இந்த மூன்றில் எதுவும் கட்டத்தை எண்ணுவதில்லை. ஆகவே அட்டவணைக்கு அந்த வசதியைத் தமிழோடு தொடவே தொடாதீர்கள்.

பெயரை நறுக்கும்போது இது இன்னும் மோசமாகும். 'வெண்டை' என்பதை ஐந்தாவது புள்ளியில் வெட்டினால் 'வெண்ட' என்று நிற்கும். 'மல்லி' நான்காவதில் 'மல்ல' ஆகிவிடும். கடைக்காரருக்கு அது வேறு சொல். நறுக்குவதென்றால் எழுத்துக் கொத்துகளாக (ஒரே எழுத்தாகப் படிக்கும் புள்ளிகளின் சேர்க்கைகளாக) பிரித்தபின் நறுக்க வேண்டும். யூனிகோடின் யுஏஎக்ஸ் 29 விதி அதைத்தான் சொல்கிறது. கோ மொழியில் யூனிசெக் இருக்கிறது, ரஸ்டில் யூனிகோட்-செக்மென்டேஷன் இருக்கிறது, பைத்தானில் ஓப்பன்-தமிழ் லைப்ரரி எழுத்துகளாகப் பிரித்துத் தரும். ஒன்று கவனியுங்கள்: 'க்ஷ' அந்த விதிப்படி இரண்டு கொத்து, 'க்' தனி, 'ஷ' தனி. 2023இன் யூனிகோட் 15.1இல் தேவநாகரி, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துக்கு வந்த புது விதி தமிழுக்குப் பொருந்தாது. 'ஸ்ரீ'யும் இரண்டுதான்.

விதைநெல்:
எழுத்தெண்ணி ஐயா, இரண்டு முறை படித்தேன். கி, கீ சங்கதியை என் டெர்மினலில் அடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அப்படியானால் டெர்மினல் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்று நிரல் எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்தெண்ணி:
கேட்டுவிடலாம். விடி100 காலத்துக் கட்டளை ஒன்று இருக்கிறது: எஸ்கேப், சதுர அடைப்பு, 6, என். 'கர்சர் எங்கே நிற்கிறது' என்று அர்த்தம். டெர்மினல் வரி எண்ணையும் பத்தி எண்ணையும் உள்ளீட்டில் திருப்பி அனுப்பும். நிரல் தொடங்கும்போது வரியின் தொடக்கத்தில் 'கி' எழுதிவிட்டுக் கேளுங்கள். பத்தி 3 என்று வந்தால் அது இரண்டு கட்டம் நகர்ந்திருக்கிறது. 2 என்று வந்தால் ஒன்று. அப்புறம் 'கீ', 'கொ', 'க்ஷ' மூன்றையும் இதேபோல் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரையை அழித்துவிடலாம். அளக்க ஒரு நொடிகூட ஆகாது. பதில் வராத டெர்மினலும் இருக்கலாம், அதனால் காத்திருக்க ஓர் எல்லை வையுங்கள்.

இரண்டாவது வழி எளிது, நான் அதையே முதலில் செய்வேன். ஒவ்வொரு பத்தியையும் எழுதும் முன் கர்சரை அந்தப் பத்தியின் தொடக்கத்துக்கு நேரடியாக நகர்த்துங்கள். இடைவெளி நிரப்பி அடுத்த பத்திக்குப் போகாதீர்கள். அப்போது பெயர்ப் பத்தியில் தப்பு நடந்தாலும் விலைப் பத்தி அசையாது. பெரும்பாலான லைப்ரரிகள் இதைச் செய்வதில்லை. கர்சரை நகர்த்தும் கட்டளையை மிச்சப்படுத்த, அடுத்தடுத்த கட்டங்களைத் தொடராக அனுப்பிவிடும். 'நான் 6 எழுதினேன், கர்சர் 6 நகர்ந்திருக்கும்' என்ற நம்பிக்கை அது. என்கர்சஸ் அப்படித்தான், துருவன் சொன்ன ராட்டடூயியும் அப்படித்தான். மெதுவான தொலைபேசி இணைப்பில் பைட் விலை உயர்ந்ததாக இருந்த காலத்துக்கு அது சரி. இன்று ஒரு வரிக்கு இருபது பைட் கூடப் போனால் யாருக்கும் நட்டமில்லை.

மூன்றாவது, தமிழ்ப் பத்தியை வரியின் கடைசியில் வையுங்கள். எண், அளவு, விலை முதலில், பெயர் வலது ஓரத்தில். பெயரை எழுதும் முன் வரிக் கடைசிவரை அழித்துவிடுங்கள். வலது ஓரச் செங்குத்துக் கோட்டைக் கைவிடுங்கள்.

டெர்மினல்கள் பக்கமும் வேலை நடக்கிறது. விண்டோஸ் டெர்மினல் 1.22 பதிப்பிலிருந்து எழுத்துக் கொத்தை அலகாக எடுக்கிறது. சில டெர்மினல்களில் 2027 என்ற எண்ணுள்ள மோடை இயக்கினால் 'கொத்துக் கணக்கில் வா' என்று நிரல் கேட்கலாம். கிட்டி டெர்மினலை எழுதிய கோவிட் கோயல் (காலிபர் என்ற மின்னூல் மென்பொருளை எழுதியவரும் அவரே) 2025இல் ஒரு படி மேலே போனார். 'இந்தச் சரம் இத்தனை கட்டம்' என்று நிரலே அறிவிக்கும் வழியைக் கொண்டுவந்தார். சண்டையை வேரில் தீர்ப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் விதைக்கடை நாளையே திறக்க வேண்டுமே, அதனால் மேலே சொன்ன மூன்றையும் செய்யுங்கள்.

கல்வெட்டு:
இந்தத் தொல்லை எல்லாம் யூனிகோட் தமிழைத் துண்டு துண்டாக வைத்ததால் வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 என்ற குறியீட்டு முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு. 'தமிழ்' என்றால் மூன்றே எண். எண்ணுவது, நறுக்குவது, அகர வரிசை எல்லாம் நேரடி.

எழுத்தெண்ணி:
கல்வெட்டு, உள்ளே எண்ணவும் வரிசைப்படுத்தவும் அது வசதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நிரலுக்குள்ளே அப்படி ஓர் அமைப்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் டேஸ்16 யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் நிற்கிறது. டெர்மினலுக்கு அனுப்பினால் அதற்கான எழுத்துரு அந்தக் கணினியில் இருக்க வேண்டும். அக்கா பெயரை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வெறும் கட்டம்தான் போகும். தவிர, அகலச் சிக்கலின் அடி வேறு. 'ர' ஒல்லி, 'ணை' அகலம். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் ஒன்று நெரியும், இன்னொன்று அநாதையாக நிற்கும். குறியீடு எதுவானாலும் எழுத்தின் உருவம் மாறாதே.

பாஸ்கல்காலம்:
இந்த இடத்தில் ஒன்று சேர்க்கிறேன். 1980களின் இறுதியில், அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் கொண்டுவந்த ஜிஸ்ட் அட்டையைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். கணினிக்குள் அந்த அட்டையைச் செருகினால் டாஸின் எழுத்துத் திரையிலேயே தமிழ் வரும். ஆங்கிலத்துக்காக எழுதிய டிபேஸ் தரவுத்தள நிரல்கூடத் தமிழ்ப் பெயரைக் காட்டும். சேர்த்தெழுதும் வேலையை அட்டையே பார்த்துக்கொள்ளும், நிரலுக்குத் தெரியாது. இன்று டெர்மினல் செய்ய வேண்டிய வேலையைத்தான் அன்று அந்த அட்டை செய்தது.

இரவல்விசை:
காட்டுவது ஒரு பாதி. தட்டச்சு மறு பாதி. இதில் நான் அடிபட்டதைச் சொல்கிறேன்.

எழுத்துக் கொத்து பற்றிப் படித்த உற்சாகத்தில், உள்ளீட்டுப் பெட்டியில் பேக்ஸ்பேஸ் அடித்தால் முழு எழுத்தும் போகும்படி எழுதினேன். 'கி'யில் நின்று அடித்தால் 'கி' முழுதும் போகும். எனக்குச் சரியாகப் பட்டது. தமிழ்99 விசைப்பலகை பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுத்ததும் எல்லாம் சிதைந்தது. காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. சில விசைப்பலகை மென்பொருள்கள் முதலில் ஓர் எழுத்தை அனுப்பும். அடுத்த விசை வந்ததும் பேக்ஸ்பேஸ் அனுப்பி, போனதில் ஒரு பகுதியை அழித்து, திருத்தியதை அனுப்பும். ஒரு பேக்ஸ்பேஸ் ஒரு யூனிகோட் புள்ளியை அழிக்கும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. என் நிரல் கொத்தையே விழுங்கியது. இப்போது என் விதி: பேக்ஸ்பேஸ் ஒரு புள்ளியை அழிக்கும், டெலீட் முழு எழுத்தை அழிக்கும், அம்புக்குறி எழுத்து எழுத்தாகத் தாண்டும்.

அப்புறம் விசைகள். டெர்மினலில் கன்ட்ரோல்-ஐயும் டேபும் ஒரே பைட், 9. கன்ட்ரோல்-எம்மும் என்டரும் ஒன்று, 13. அவற்றுக்குத் தனித்தனி வேலை கொடுக்காதீர்கள். எஃப்2 அடித்தால் வருவது எஸ்கேப், ஓ, கியூ என்ற மூன்று பைட். எஸ்கேப் விசை அடித்தால் எஸ்கேப் மட்டும் வரும். இரண்டையும் பிரிக்க லைப்ரரி கொஞ்ச நேரம் காத்திருக்கும். என்கர்சஸில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 1000 மில்லிநொடி. அக்கா எஸ்கேப் அடித்து ஒரு நொடி காத்திருக்க மாட்டார். 25க்குக் குறைத்துவிடுங்கள். எஃப்11ஐத் தவிருங்கள், பல டெர்மினல்கள் முழுத்திரைக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். மேக்கில் எஃப் விசைக்கு எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும், தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

நிரல் விழுந்தால் டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு விழ வேண்டும். விசைகள் நேராக நிரலுக்கே போகும் ரா மோடில் இருந்து வெளியே வராமல் செத்தால், அடிப்பது எதுவும் திரையில் தெரியாது. யூனிக்ஸ் ஆட்களுக்கு 'ரீசெட்' அடிக்கத் தெரியும், கடையில் இருப்பவருக்குத் தெரியாது. பிழை எங்கே நடந்தாலும் மீட்கும் வேலை கடைசியில் ஓடும்படி முதல் நாளே எழுதுங்கள்.

செவிவழி:
எனக்குப் பார்வை இல்லை. விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து வேலை செய்கிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

எழுத்துதானே, திரைவாசிப்பானுக்கு எளிதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணக் கட்டளை வரி எளிதுதான். முழுத்திரை டெர்மினல் நிரல்கள் பெரும்பாலும் கொடுமை. மூலையில் ஒரு கடிகாரம் நொடிக்கு ஒருமுறை மாறினால் அது நொடிக்கு ஒருமுறை காதில் பேசும். பெட்டிக் கோடுகளையும் வாசிக்கும். இவற்றைவிடப் பெரிய தொல்லை, உண்மையான கர்சரை மறைத்துவிட்டு நிறம் மாற்றிய கட்டத்தைக் கர்சர் மாதிரிக் காட்டுவது. என் மென்பொருளுக்கு அந்த நிறம் தெரியாது. நான் எந்தப் பெட்டியில் நிற்கிறேன் என்று அதற்குச் சொல்ல வழியில்லை.

தயவுசெய்து உண்மையான கர்சரை எப்போதும் தட்டச்சு நடக்கும் இடத்தில் வையுங்கள். கூடவே, வரிவரியாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் எளிய ஓட்டம் ஒன்றையும் கொடுங்கள். நாளைக்குக் கடையில் என்னைப் போன்ற ஒருவர் வேலைக்கு வரலாம்.

இரவல்விசை:
செவிவழி சொன்னதோடு ஒன்று: தமிழ் உள்ளீட்டு மென்பொருள் பரிந்துரைப் பட்டியலைத் திறப்பதும் உண்மையான கர்சர் இருக்கும் இடத்தில்தான். அதை மறைத்து ஒரு மூலையில் விட்டால் பட்டியல் அங்கே போய்த் திறக்கும். ஒரே திருத்தம், இரண்டு பேருக்கும் உதவும்.

விதைநெல்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதிவைக்கிறேன், அடுத்து யாராவது தேடி வந்தால் உதவும்.

கோவும் டிசெல்லும் எடுத்தேன். டெக்ஸ்சுவல் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒரே கோப்பைக் கொண்டுபோய்ப் போடும் வசதிக்கு முன்னால் மற்றது நிற்கவில்லை. விண்டோஸ் எக்ஸியை என் லேப்டாப்பிலேயே கட்டுகிறேன். சி சேராத எஸ்கியூலைட் டிரைவர் சரியாக வேலை செய்கிறது.

கடையின் பழைய கன்சோல் சன்னலில் தமிழ் சேர்ந்து வரவில்லை. கொம்பு தனியாக, எழுத்து தனியாக நின்றது. விண்டோஸ் டெர்மினலை நிறுவி அதில் திறந்ததும் படிக்கும்படி வந்தது. குறுக்குவழி ஐகானை அதற்கே மாற்றிவிட்டேன்.

அட்டவணையை மாற்றினேன். வரிசை எண், மூட்டை, கிலோ, விலை இடது பக்கம். பெயர் கடைசி. இதற்கு மட்டும் டிசெல்லின் கட்டக் கணக்கை நம்பவில்லை. ஒவ்வோர் எழுத்துக் கொத்தையும், தொடக்கத்தில் அளந்துகொண்ட அகலத்தின்படி நானே கட்டங்களில் வைக்கிறேன். உபுண்டுவில் ஒரு கணக்கு, மேக்கில் ஒரு கணக்கு வந்தாலும் இரண்டிலும் எண்கள் நேராக நிற்கின்றன. பெயர் கடைசியில் இருப்பது அக்காவுக்கு இரண்டு நாள் இடைஞ்சலாக இருந்தது. பிறகு, வாடிக்கையாளர் 'அஞ்சு கிலோ தட்டைப்பயறு' என்று அளவை முதலில் சொல்வதால் இந்த வரிசையே கைக்கு வாகாக இருக்கிறது என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மேக்கில் ஒரு புது விஷயம் கண்டேன். தம்பி பழைய வட்டில் வைத்திருந்த 'சோளம்' என்ற கோப்பு என் நிரலின் தேடலில் சிக்கவில்லை. அந்த வட்டு பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு அமைப்பில் இருந்தது. அது ஓகாரக் குறியை இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். நான் தேடியது ஒரே குறியாக. பார்க்க ஒன்று, பைட்டில் வேறு. இப்போது உள்ளே வரும் எல்லாச் சரத்தையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றியபின்தான் தொடுகிறேன்.

எஸ்கேப் உடனே கேட்கிறது. பேக்ஸ்பேஸ் இரவல்விசை சொன்ன விதிப்படி. கர்சர் எப்போதும் பெட்டிக்குள். செவிவழி கேட்ட எளிய ஓட்டத்தையும் எழுதினேன், '--வரி' என்று சேர்த்து ஓட்டினால் கேள்வி பதிலாக வரும். நேரம் இருந்தால் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா?

செவிவழி:
ஓட்டினேன். புது பில், இருப்பு இரண்டும் முழுதாகக் கேட்டது. ஒரு திருத்தம்: விலையை வாசிக்கும்போது '120.00' என்று மட்டும் வருகிறது. எதன் விலை என்று முந்தைய வரிக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அதே வரியில் பெயரையும் சேருங்கள்.

விதைநெல்:
சேர்த்துவிட்டேன். இந்த ஓட்டத்தில் பத்தி நேராக நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் பெயரை முன்னாலேயே வைத்தேன்: 'கத்திரி, 120.00 ரூபாய்'.

எழுத்தெண்ணி:
அகலத்தை அளக்கும் அந்தப் பகுதியை மட்டும் தனி லைப்ரரியாகப் பிரித்துப் போடுங்கள், விதைநெல். சோதனைக்கு என் பட்டியல்: கி, கீ, கொ, கௌ, ணை, க்ஷ, ஸ்ரீ, ஃப். இவற்றோடு என்எஃப்சியில் ஒன்று, பிரித்த வடிவில் ஒன்று என்று 'சோளம்' இரண்டு முறை. குடோன் ராஸ்பெரி பையில் எடுத்த எண்களை நீங்கள் போட்டால், என்னிடம் இருக்கும் நான்கு டெர்மினல்களில் நான் எடுத்துச் சேர்க்கிறேன்.